இரண்டு பேருக்கான மேசை

ஜக்கம்மாளின் மகன் அருண்பாண்டி இறந்து, காரியமெல்லாம் முடிந்து, தை பிறந்த பிறகு ஒருநாள் முதலாளி முத்துக்கிருஷ்ணன் அவள் வீட்டுக்கு வந்தார். போடியில் முந்தல் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்துக்குள் கார் நுழையாது. நடந்துதான் வந்தார். பக்கத்து வீட்டு முனியாயி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டாள். அவர் உட்கார்ந்தார். ஜக்கம்மாளின் புருஷன் வீரணன் சுவரோரமாக நின்றான். அவன் அவருடைய ஏலத்தோட்டத்து ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலையில் இருபது வருசத்துக்கு மேல் இருப்பவன். அவர் முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை.

"மருந்துக் கம்பெனிக்காரன் கப்பல்ல கூட்டிட்டுப் போறான். கொச்சியிலருந்து லட்சத்தீவு போயிட்டுத் திரும்பி வர்றது. எனக்கு நாலு டிக்கெட் குடுத்திருக்கான்" என்றார் முத்துக்கிருஷ்ணன். போடி பஜாரில் அவருக்கு உரம், பூச்சிமருந்துக் கடை உண்டு. "மகனும் மருமகளும் வர்றதா இருந்துச்சு. அவ முழுகாம இருக்கா, டாக்டரு வேணாம்னுட்டாரு. ரேணுகாதான் சொன்னா, வீரணனையும் ஜக்கம்மாளையும் கூட்டிட்டுப் போவோம், பாவம், ஒரு மாறுதலா இருக்கும்னு."

வீரணன் ஜக்கம்மாளைப் பார்த்தான். அவள் அடுப்படியில் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்கிறார் என்பது அவள் காதில் விழுந்தது. பக்கத்துத் தெருவில் யாரோ யாரிடமோ பேசுவதைப்போல விழுந்தது.

"சரிங்க மொதலாளி" என்றான் வீரணன். அவர் சொல்லி அவன் மறுத்த காரியம் எதுவும் கிடையாது.

அருண்பாண்டி அவருடைய ஜீப்பைத்தான் ஓட்டினான். விடியுமுன்னே போடியில் ஆட்களை ஏற்றி மலைமேல் கொண்டுபோய்த் தோட்டத்தில் இறக்குவான். சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவான். ஐப்பசியில் ஒருநாள் காலை, ஆட்களை இறக்கிவிட்டு இரண்டாம் லோடுக்குக் காலி வண்டியோடு இறங்கி வந்தவன், போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் திரும்பவில்லை. வண்டி நேராகப் போய்விட்டது. பனிமூட்டத்தில் பாதை தெரியவில்லை என்று ஊரில் பேசி முடித்துக்கொண்டார்கள்.

அதற்கு முந்தின வாரம் ஸ்டோர் வாசலில் அவன் முதலாளியிடம் சொன்னதை ஜக்கம்மாள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். "பிரேக்கு எறங்குது மொதலாளி. ஒரு நா வண்டிய ஒர்க் ஷாப்புல விடணும்." அதற்கு அவர், "காய் எடுப்பு முடியட்டும்டா. வண்டி நின்னா ஆளு எப்படி ஏறும்?" என்றார். அப்போது வீரணனும் இருந்தான். பறித்த காயை எடை போட நின்ற பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். பிறகு யாரும் அதைப் பேசவில்லை. முத்துக்கிருஷ்ணன் செலவெல்லாம் ஏற்றுக்கொண்டார். பாடைக்குப் பின்னால் செருப்பில்லாமல் நடந்தார்.

ஜக்கம்மாள் அன்றைக்கு அழவில்லை. மாரடித்த பெண்களுக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பின்னால் அழுவாள் என்றார்கள். பின்னாலும் அழவில்லை. தோட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சோறு பொங்கினாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒருமுறை சூடான தோசைக்கல்லை வெறுங்கையால் தூக்கிவிட்டு, கொப்புளம் வந்த பிறகுதான் கையைப் பார்த்தாள்.

"மகென் போயி வருசம் திரும்பல, கப்பலேறப் போறியாக்கும்னு நாளைக்கி நாலு பேரு கேப்பாக" என்றாள் முனியாயி, முதலாளி போன பிறகு.

"கேக்கட்டும்" என்றாள் ஜக்கம்மாள்.

"நீ போகணும்னு நெனைக்கிறியா, வேணாம்னு நெனைக்கிறியா? அதச் சொல்லு."

ஜக்கம்மாள் யோசித்துப் பார்த்தாள். இரண்டும் இல்லை. முனியாயியே அவளுடைய சேலைகளில் நல்லதாக மூன்றை எடுத்துப் பையில் வைத்தாள்.

கார் போடிமெட்டு வழியாகத்தான் போயிற்று. முத்துக்கிருஷ்ணன் ஓட்ட, வீரணன் முன்னால் உட்கார்ந்தான். பின்னால் முதலாளியின் மனைவி ரேணுகாவும் ஜக்கம்மாளும். முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் ரேணுகா மருமகளின் வாந்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். என்ன கொடுத்தாலும் தங்கவில்லை, மாதுளை மட்டும் தங்குகிறது, தேனியிலிருந்து மாதுளை வரவழைக்கிறோம் என்று வளைவுக்கு வளைவு பேச்சு வேகமாகிக்கொண்டே போனது. அந்த வளைவு வந்தபோது முத்துக்கிருஷ்ணன் வண்டியை மிகவும் மெதுவாக்கினார். ஜக்கம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சரிவில் செடி மறுபடி அடர்ந்து வளர்ந்திருந்தது. எங்கே என்று தெரியவில்லை. அப்புறம் பூப்பாறை வந்துவிட்டது. டீ குடிக்க நிறுத்தினார்கள்.

கப்பல் கரையில் நிற்கும்போது பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. உள்ளேயும் அப்படித்தான், நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் கதவுகள், கதவுக்குக் கதவு நம்பர். வீரணனுக்கும் அவளுக்கும் ஜன்னலில்லாத ஓர் அறை. கட்டிலில் வெள்ளைத் துண்டை முறுக்கி வாத்து மாதிரி செய்து வைத்திருந்தார்கள். வீரணன் அதைக் கலைக்கப் பயந்து நாற்காலியில் எடுத்து வைத்தான்.

பகலில் எங்கே வேண்டுமானாலும் போய்ச் சாப்பிடலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் பெரிய டைனிங் ஹாலில் மேசை ஒதுக்கியிருந்தார்கள். முதல் பந்தி ஆறு மணிக்கு, அடுத்தது எட்டரைக்கு. எந்த மேசை தந்தார்களோ அதே மேசைதான் கடைசி நாள்வரை. முத்துக்கிருஷ்ணனுக்கு ஆறு மணிப் பந்தியில், ஆறு பேர் உட்காரும் மேசை கிடைத்திருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடியை ஒட்டி எதிரெதிராக இரண்டு நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் கடலும் சூரியன் இறங்குவதும் நேராகத் தெரியும். மற்ற நான்கு பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தோளைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும்.

மேசையில் மிச்ச இரண்டு பேர் தேவாரத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் மொக்கையனும் அவர் மனைவி அன்னக்கொடியும். மொக்கையன் முத்துக்கிருஷ்ணனுக்குத் தூரத்துச் சொந்தம்.

"வா மாப்ளே" என்று மொக்கையன் எழுந்தார். பின்னால் வந்த வீரணனைப் பார்த்ததும் அவருடைய கை பாதியில் நின்று, பிறகு அவனுக்கும் ஒரு கும்பிடு போட்டது.

ரேணுகா ஜக்கம்மாளின் தோளைப் பிடித்துக் கண்ணாடி ஓரத்து நாற்காலிக்கு நகர்த்தினாள். "நீ இங்க ஒக்காரு ஜக்கம்மா. வீரணா, நீ எதுத்தாப்ல ஒக்காரு. நல்லா கடலப் பாருங்க."

அன்னக்கொடி அந்த நாற்காலியின் முதுகில் ஏற்கெனவே கைவைத்திருந்தாள். கையை எடுத்துக்கொண்டாள். ரேணுகாவின் வீட்டில் செடிகளைக் கவாத்து வெட்டும் நாளிலும் பொங்கலுக்கும் ஆட்களுக்குப் பின்கட்டில் இலை போடுவது அவளும் பார்த்ததுதான். அதே ஜக்கம்மாள் அங்கே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இலையைத் தானே எடுத்து எறிந்தவள்.

தட்டுக்குப் பக்கத்தில் முள்கரண்டி, கத்தி, பெரிய கரண்டி, சின்னக் கரண்டி என்று வரிசையாக இருந்தன. பரிமாறிய பெண் மலையாளி. ஜக்கம்மாளின் தட்டில் சோறு வைத்துவிட்டு, போதுமா என்பதற்கு "மதியோ சேச்சி?" என்றாள். தோட்டத்துப் பழக்கத்தில் ஜக்கம்மாள், "மதி" என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். ஜக்கம்மாள் கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். மீன் இருந்தது. வாயில் வெதுவெதுப்பாக ஏதோ இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணு தோணுது" என்றாள் அன்னக்கொடி. "மூணு ராத்திரி இருக்கு. மூணு சோடி இருக்கோம். ஆளுக்கு ஒரு ராத்திரி ஜன்னல் பக்கம் ஒக்காந்துக்கிருவோம். அதான நாயம்?"

"அவுக பாக்கட்டும் மதினி" என்றாள் ரேணுகா. "நம்ம எப்ப வேணாலும் வரலாம். அதுக எங்க வரப் போகுதுக?"

"நாங்க மட்டும் மாசாமாசம் கப்பல்லயா வர்றோம்? ராப்பகலா கடையில நின்னு மருந்து வித்துத்தான் இந்தச் சீட்டு கெடச்சிருக்கு."

"அன்னம்" என்றார் மொக்கையன்.

"நான் சண்டைக்கா சொல்றேன். பொது மேசைன்னா எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்ல?"

"இல்ல அன்னக்கொடி, மூணு நாளும் அவுகதான் அங்க ஒக்காருவாக" என்றார் முத்துக்கிருஷ்ணன். குரல் கொஞ்சம் பலமாகவே வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவுகளுக்காகத்தான் நானே வந்திருக்கேன்."

வீரணன் எழப் பார்த்தான். "மொதலாளி, நாங்க வேணும்னா அந்தப் பக்கம்…"

"ஒக்காருடா."

அவன் உட்கார்ந்தான். ஜக்கம்மாளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் தலையைத் தாண்டிப் பேச்சு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. வெளியே சூரியன் தண்ணீருக்குள் போய் முடிந்தது. எல்லோரும் ஒரு நிமிசம் பேச்சை நிறுத்தி அதைப் பார்த்தார்கள். "பாத்தியா ஜக்கம்மா?" என்றாள் ரேணுகா. "பாத்தேன்மா" என்றாள் அவள்.

மறுநாள் சாயங்காலம் நான்கு பேரும் ஹாலுக்குள் போனபோது, மொக்கையனும் அன்னக்கொடியும் முன்னாலேயே வந்து கண்ணாடி ஓரத்தில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். அன்னக்கொடி தன் கைப்பையை மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தாள். மொக்கையன் தண்ணீர் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க மதினி" என்றாள் ரேணுகா.

"மொதல்ல வந்தவுக ஒக்காந்திருக்கோம்."

"நேத்துப் பேசுனோம்ல?"

"நீங்க பேசுனீங்க. நான் சரின்னு சொல்லலையே."

முத்துக்கிருஷ்ணன் கையைத் தட்டி ஆளைக் கூப்பிட்டார். கறுப்புக் கோட்டுப் போட்ட சூப்பர்வைசர் வந்தார். அவரும் கேரளக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். விசயத்தைக் கேட்டுக்கொண்டு கையிலிருந்த பலகை போன்ற கம்ப்யூட்டரில் பார்த்தார்.

"சார், நாங்க ஒதுக்குறது மேசையைத்தான். நாற்காலி ஒதுக்குறதில்ல. ஒரு மேசைக்குள்ள யார் எங்க உக்காரணும்னு கெஸ்ட்டுங்களே பேசி முடிவு பண்ணிக்கணும்."

"அது எப்படி? நான் காசு கட்டுன இடம்" என்று ஆரம்பித்த முத்துக்கிருஷ்ணன் நிறுத்திக்கொண்டார். யாரும் காசு கட்டவில்லை.

"யாரையும் அவங்க உக்காந்த சீட்டுலருந்து எழுப்ப எனக்கு அதிகாரம் இல்ல சார். அவங்களா கேட்டா மட்டும்தான் மாத்தித் தருவேன். இப்ப ஒரு காரியம் பண்ணலாம். அந்தக் கோடியில, ஜன்னல் பக்கம், ரெண்டு பேர் உக்கார்ற மேசை ஒண்ணு காலியா இருக்கு. அங்க இருந்தவங்க எட்டரைப் பந்திக்கு மாறிட்டாங்க. யாராச்சும் ரெண்டு பேர் விருப்பப்பட்டா போலாம்."

ரேணுகாவின் கண் அந்த மேசைக்குப் போய் வந்தது. அன்னக்கொடி அதைப் பார்த்துவிட்டாள்.

"வீரணனும் ஜக்கம்மாளும் போகட்டும்" என்றார் முத்துக்கிருஷ்ணன் அவசரமாக. சொன்ன பிறகு அவர் முகத்தில் ஓர் ஆசுவாசம் வந்தது. "நல்லதாப் போச்சு. தனியா, நிம்மதியா ஒக்காந்து சாப்பிடுங்க. யாரு தொந்தரவும் இருக்காது."

சூப்பர்வைசர் அவரை விட்டுவிட்டு ஜக்கம்மாள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குச் சம்மதமா அம்மா?"

அவள் சம்மதத்தை யாராவது கேட்டு வெகு நாளாகியிருந்தது. "சரிங்க" என்றாள்.

மேசை சின்னது. ஒருவர் முழங்கால் மற்றவர் முழங்காலில் முட்டியது. பரிமாறும் பெண் வந்து துணியை விரித்துவிட்டுப் போனாள். இருபத்தெட்டு வருசக் குடித்தனத்தில் அவர்கள் இருவரும் இப்படி எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வீட்டில் அவன் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள். தோட்டத்தில் அவன் ஸ்டோரில், அவள் பெண்களோடு செடிக்கடியில். மகன் போன பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையே தவிர்த்துக்கொண்டார்கள். இப்போது பார்க்க வேறு எதுவும் இல்லை. வெளியே கடல் ஒரே மாதிரி இருந்தது.

அவனுடைய தாடையில் ஒரு பக்கம் சவரம் விட்டுப்போயிருந்தது. கழுத்து மெலிந்திருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. கை நீளமாக இருந்ததால் இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தான். ஜக்கம்மாள் அந்த மடிப்பையே பார்த்தாள்.

"இது அவென் சட்டையா?"

"ம்."

"எப்ப எடுத்த?"

"பொறப்படறப்ப. எங்கிட்ட நல்ல சட்ட வேற இல்ல." அவன் குனிந்துகொண்டான். "கழட்டிறவா?"

"வேணாம். போட்டிரு."

நேற்று முழுக்க, இன்று முழுக்க அவன் அந்தச் சட்டையைத்தான் போட்டிருக்கிறான். அவள் கூடவே நடந்திருக்கிறாள், பக்கத்தில் படுத்திருக்கிறாள், கண்ணில் படவில்லை. மேல் பித்தான் அவள் தைத்துக் கொடுத்தது. மற்றவை வெள்ளை நூல், இது கறுப்பு நூல். அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வராதது மட்டும் தெரிந்தது.

"சாப்பிடு" என்றாள்.

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பெரிய மேசையிலிருந்து ரேணுகாவின் சிரிப்பு ஒருமுறை கேட்டது. சண்டை தீர்ந்துவிட்டது போலிருந்தது.

அடுத்த நாள் பகலில் கப்பலின் மேல்தட்டில் ஜக்கம்மாள் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தீவைப் பார்க்கப் படகில் போக வீரணனை முத்துக்கிருஷ்ணன் அழைத்துப் போயிருந்தார். அன்னக்கொடி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தேவாரத்தில் அவர்களுக்கு நிலமும் உண்டு. யானை வந்து வாழையை முறித்துப் போட்டதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"ஒம் மேல எனக்கு ஒண்ணுமில்ல ஆத்தா. அந்தச் சீட்டுக்குக் கூட நான் அம்புட்டு ஆசப்படல."

ஜக்கம்மாள் அவளைப் பார்த்தாள்.

"ரேணுகா மதினி ஒன்ன அங்க ஒக்கார வச்சா பாரு, அத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. ஒக்கார வச்சுட்டு எங்க எல்லாரு மூஞ்சியையும் பாத்தா. பாத்தீகளா, நாங்க எப்படி வச்சிருக்கோம்னு. ஒனக்கு வெளங்குதா?"

"வெளங்குதும்மா."

"அந்த வண்டிக்குப் பிரேக்கு இல்லன்னு தேவாரம் வரைக்கும் தெரியும். எங்க வீட்டுக்காரரே சொன்னாரு. மூஞ்சிக்கு நேரா யாரு கேக்குறது? சொந்தமாப் போச்சு, யாவாரமாப் போச்சு. நானும்தான் கேக்கல." அன்னக்கொடி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "நீ ஏன் கேக்கல?"

ஜக்கம்மாள் தன் விரல்களைப் பார்த்தாள்.

"தெரியலம்மா" என்றாள். "கேக்கணும்னா கோவம் வரணும். அது எங்கிட்டுப் போச்சுன்னு தெரியல."

அன்னக்கொடி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காய் எடுத்து எடுத்துக் கறை ஏறிய விரல்கள் மூன்று மாதத்தில் வெளுத்துப் போயிருந்தன. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து போனாள்.

கடைசி ராத்திரி ஹாலில் விளக்கெல்லாம் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். வீரணனும் ஜக்கம்மாளும் நேராக அந்தச் சின்ன மேசைக்குப் போய் உட்கார்ந்தார்கள். பரிமாறும் பெண் கேட்காமலேயே முள்கரண்டிகளை எடுத்துவிட்டுக் கை கழுவக் கிண்ணத்தில் வெந்நீர் வைத்தாள். பாதிச் சாப்பாட்டில் முத்துக்கிருஷ்ணன் பெரிய மேசையிலிருந்து எழுந்து வந்தார். கையில் தட்டு இருந்தது. இவர்களோடு சேர்ந்து சாப்பிடலாம் என்று நினைத்து எடுத்து வந்திருக்க வேண்டும். வந்து பார்த்தால் உட்கார இடமில்லை.

"ஒரு சேர் கொண்டா" என்றார் அந்தப் பெண்ணிடம்.

"சாரி சார். இது தட்டுத் தூக்கிட்டு ஆளுக போற வழி. இங்க சேர் போடக் கூடாது."

அவர் தட்டோடு நின்றார். பின்னால் ஒருவன் பெரிய தட்டத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வழி கேட்டான். அவர் மேசையை ஒட்டி ஒதுங்கினார். வீரணன் வாயிலிருந்த சோற்றோடு பதறி எழுந்தான். "நீங்க ஒக்காருங்க மொதலாளி."

ஜக்கம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ ஒக்காரு."

"இல்ல, மொதலாளி நிக்கிறாரு…"

"ஒக்காருங்கிறேன்ல."

அவன் உட்கார்ந்தான். அவள் பிடியை விடவில்லை. முத்துக்கிருஷ்ணன் இரண்டு பேரையும் பார்த்தார். தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குழம்பு ஓரத்துக்கு வந்து நின்றது.

"ஜக்கம்மா" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். ஹாலில் எங்கோ யாருக்கோ பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். அது முடிகிறவரை பொறுத்திருந்தார். "அந்த வண்டிய நான் ஒர்க் ஷாப்புல விட்டிருக்கணும்."

வீரணன் தலை இன்னும் குனிந்தது.

"ஆமா மொதலாளி" என்றாள் ஜக்கம்மாள். "விட்டிருக்கணும்."

அவர் நின்றார். அவள் மேலே ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அழுதாலும் சரி, ஏசினாலும் சரி, விதி என்று சொன்னாலும் சரி. அதற்காகத்தான் கொச்சி வரைக்கும் காரோட்டி வந்து, கடலுக்குள் கூட்டி வந்து, மேசைக்காகச் சண்டையும் போட்டிருந்தார். அது அவளுக்குத் தெரிந்தது. கொடுக்கலாமா கூடாதா என்றுகூட அவள் யோசிக்கவில்லை. கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

"சோறு ஆறுது" என்றாள். "போயி ஒக்காந்து சாப்பிடுங்க."

அவர் திரும்பிப் போனார். வழியில் இரண்டு இடத்தில் பரிமாறுகிறவர்களுக்கு ஒதுங்கி நின்று ஒதுங்கி நின்று போனார். ஜக்கம்மாள் அப்போதுதான் வீரணனின் மணிக்கட்டை விட்டாள். அவளுடைய விரல் பதிந்திருந்தது. அவன் அதைத் தடவிக்கொண்டே, "இப்படிச் சொல்லிட்டியே" என்றான். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. "நான் பக்கத்துல நின்னு கேட்டவென். எனக்கு வாய் வரல."

"சாப்பிடு" என்றாள் அவள்.

திரும்பி வரும்போது காரில் யாரும் மருமகளைப் பற்றியோ மாதுளையைப் பற்றியோ பேசவில்லை. ரேணுகா கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். போடியில் சந்து முனையில் இறக்கிவிட்டபோது, "ஒடம்பப் பாத்துக்க ஜக்கம்மா" என்று மட்டும் சொன்னாள். முத்துக்கிருஷ்ணன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கைவைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரணன் ஸ்டோரில் மிச்சமிருந்த காயை உலர்த்தி முடித்துக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டான். ஏன் என்று முதலாளி வீட்டிலிருந்து கேட்டு ஆள் வரவில்லை. பிறகு ராசிங்காபுரத்தில் ஒருவர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போக ஆரம்பித்தான். சம்பளம் குறைவு. ஜக்கம்மாள் மாசி பிறந்ததும், முனியாயி போகிற தோட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். அது வேறு முதலாளியுடையது, சாந்தன்பாறைப் பக்கம்.

முதல் நாள் விடியலில் ஜீப் வந்து நின்றது. தலையில் துண்டைக் கட்டிய பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறினார்கள். ஓட்டி வந்தவன் சோலை, நாற்பது வயசுக்காரன், பெரிய குடும்பஸ்தன். ஜக்கம்மாளை அவனுக்குத் தெரியும். முன் சீட்டில் இருந்தவர்களை ஒதுங்கச் சொல்லி, "அக்கா, நீங்க முன்னால வாங்க" என்றான்.

அவள் ஏறவில்லை. "பிரேக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லாத்தான்க்கா இருக்கு."

"போட்டுக் காட்டு."

உள்ளே இருந்த பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சோலை சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "நேரமாகுதுக்கா. லேட்டாப் போனா அங்க கண்காணி கத்துவாரு. வெரசா ஏறுங்க."

"நீ போட்டுக் காட்டு, ஏறுறேன்."

"இத்தன பேரு ஏறி ஒக்காந்துட்டாகளே."

ஜக்கம்மாள் ரோட்டோரத்திலேயே நின்றாள். குரலை உயர்த்தவில்லை. பஸ்ஸுக்கு நிற்பவள் மாதிரி தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோலை ஆக்சிலேட்டரை ஒருமுறை உறுமவிட்டுப் பார்த்தான். அப்போது முனியாயி முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கம் வழியாக இறங்கினாள். அவள் இறங்கியதும் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்த பவித்ரா என்கிற பெண் இறங்கினாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக, சிலர் சலித்துக்கொண்டு, சிலர் ஒன்றும் சொல்லாமல் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள்.

காலி ஜீப்பைச் சோலை ரோட்டில் கொஞ்ச தூரம் வேகமாக ஓட்டி, அழுத்தி நிறுத்தினான். டயர் தேய்ந்த சத்தம் கேட்டது. திருப்பிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் இன்னொரு தடவை நிறுத்தினான். முகம் கறுத்திருந்தது.

"போதுமா?"

"போதும். நாளைக்கும் பாக்கணும்" என்றாள் ஜக்கம்மாள்.

அவள் முன் சீட்டுக்குப் போகவில்லை. பின்னால் ஏறி, இரண்டு பக்கத்துப் பெண்களும் நகர்ந்து கொடுத்த சந்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். முன் சீட்டில், கால் வீங்கி வரும் ஒரு கிழவியை ஏற்றிவிட்டார்கள். வண்டி முந்தலைத் தாண்டி ஏற ஆரம்பித்தது. தார்ப்பாய்க்குள் குளிர் வந்தது. பவித்ரா கேட்டாள்.

"கப்பல்ல சோறெல்லாம் எப்படிக்கா இருந்துச்சு?"

மற்றவர்கள் ஜக்கம்மாளின் முகத்தைப் பார்த்தார்கள். முனியாயி அந்தப் பெண்ணை முழங்கையால் இடித்தாள்.

"மீனு போட்டாக" என்றாள் ஜக்கம்மாள். "ருசி தெரியல."

பவித்ரா இன்னும் கேட்க நினைத்து விட்டுவிட்டாள். ஜீப் ஒரு வளைவில் திரும்பியது. எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.